எங்கிருந்து எடுத்தீர்கள்? போர்க்கால இடங்களைத் தேடி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகப்போர்க் காலத்துத் தடயங்களைத் தேடி ஆவணப்படுத்த இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். பழைய ஓடுபாதை, பதுங்குகுழி, மூழ்கிய கப்பல், கல்லறை என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, கைக்காசைச் செலவழித்து, ராத்திரி கண்விழித்துத் தேடுகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். மங்கலான படம், எழுத்துப்பிழை எல்லாம் போகப்போகத் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடுத்த இடத்தைக் குறிக்காமல் விடுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. சமீபத்தில் ஒரு தம்பி, ஒரு படைப்பிரிவின் போர் நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்த தொகுப்பு ஒன்றை அனுப்பினார். அருமையான சரக்கு. எந்த நாள் எந்த ஊரில் முகாம், எத்தனை லாரி வந்தது, எந்தப் பாலத்துக்குக் காவல் போட்டார்கள் என்பதுவரை இருக்கிறது. ஆனால் தட்டச்சு வரிகள் மட்டும் பளிச்சென்று தெரியட்டும் என்று யாரோ நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டிருக்கிறார்கள். கோப்பு எண், பக்க எண், எல்லாம் போச்சு. “இது எந்தக் கோப்பு தம்பி?” என்றேன். “வாட்ஸ்அப்பில் வந்தது அண்ணா.” அனுப்பியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால் அவருக்கும் இன்னொருவர் அனுப்பியதாம்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியப் படைகள் எழுதிய நாட்குறிப்புகள் டபிள்யூஓ 172 என்ற வரிசையிலும், விமானப்படை அணிகளின் பதிவேடுகள் ஏர் 27 என்ற வரிசையிலும் இருக்கின்றன. வரிசை எண் மட்டும் தெரிந்தால் போதாது, உள்ளே ஆயிரக்கணக்கில் கோப்புகள். எண் இல்லாத பக்கத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் எதைச் சரிபார்ப்பது? அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு வரியைக்கூட இன்றுவரை என்னால் எங்கும் பயன்படுத்த முடியவில்லை.

இது பாதிக் கேடுதான். மீதி, மூலம் இல்லாத தகவல் கை மாறி மாறிப் போகும்போது நடக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பலில் விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பதையும் தமிழில் எழுதாதவர்கள் குறைவு. சரி, ஆதாரம்? ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைக் காட்டும், அது ஒரு மேடைப் பேச்சைக் காட்டும், சுற்றி வந்தால் முதல் கட்டுரையிலேயே வந்து நிற்போம். எம்டன் சீனாவின் சிங்தாவிலிருந்து கிளம்பியது. ஆகஸ்ட் நடுவில் பசிபிக் பெருங்கடலில் ஜெர்மன் கப்பல் அணியிலிருந்து தனியே பிரிந்து வங்காள விரிகுடாவுக்கு வந்தது. பிள்ளையோ அந்த நேரத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்து வேலை செய்துகொண்டிருந்தார், அங்கிருந்து பெர்லின் போனார். நடுக்கடலில் ஓடும் போர்க்கப்பலில் அவர் எப்படி ஏறியிருக்க முடியும்? அவர் உண்மையில் செய்த வேலை எவ்வளவோ பெரிது. அதைப் பேச விடாமல் இந்தக் கதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

கல்வெட்டும் இப்படித்தான். சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் எம்டன் நினைவுப் பலகை இருக்கிறது. இங்கே ஒரு பலகை வைத்தார்கள் என்பதற்கு அது முழு ஆதாரம். அதில் எழுதியிருப்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டும்.

ஆகவே தயவுசெய்து: ஆவணத்தைப் படமெடுக்கும்போது முதல் படம் கோப்பின் அட்டை, எண் தெரியும்படி. அப்புறம் ஒவ்வொரு பக்கமும் ஓரத்தோடு. வீட்டுக்கு வந்த அன்றே படத்தின் பெயரைக் கோப்பு எண்ணாக மாற்றிவிடுங்கள், நாளைக்கு என்றால் அது நடக்காது. இணையப் பக்கம் என்றால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு நகல் சேமித்து, பார்த்த தேதியையும் எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் வாட்ஸ்அப்பில் வந்தது என்றே எழுதுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பழைய வரைபடத்தை அப்படியே நம்பிப் புள்ளி வைப்பது

அந்தக் காலத்து சர்வே வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற புவி அளவையில் வரையப்பட்டவை. கைப்பேசியில் இருப்பது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு அளவை. இரண்டுக்கும் தென்னிந்தியாவில் நூறு மீட்டருக்கு மேல் விலகல் வரும். வரைபடத்தில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே போட்டால் பதுங்குகுழி பக்கத்து வயலில் போய் உட்கார்ந்துகொள்ளும். கோயில் கோபுரம், ரயில் பாலம், ஏரிக்கரை மதகு என்று இடம் மாறாதவை நாலைந்தைப் பிடித்து, வரைபடத்தை அவற்றோடு பொருத்திவிட்டு அப்புறம் புள்ளி வையுங்கள்.

நேரத்தைக் குழப்புவது

ஜப்பானியப் படைகள் எங்கே போனாலும் டோக்கியோ நேரத்தில்தான் பதிவு எழுதின. 1942 ஏப்ரல் 5 கொழும்புத் தாக்குதலையோ ஏப்ரல் 9 திருகோணமலைத் தாக்குதலையோ இரு தரப்புப் பதிவுகளையும் வைத்து எழுதும்போது மணிக்கணக்கில் உதைக்கும். எந்த நேரம் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை என்று எழுதுவது

தாய்லாந்தின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டருக்கு ஜப்பானியப் படை போட்ட மரண ரயில் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் ஒரு நொடியில் தேடலாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களை அந்தத் தளத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஆணையத்தின் பொறுப்பு படையில் இருந்தவர்களுக்கு, இவர்கள் கூலிகள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு. எளிதாகக் கிடைக்கும் தரவை மட்டும் வைத்து அந்தப் பாதையைப் பற்றி எழுதினால் இவர்களை நாமும் சேர்ந்து அழிக்கிறோம். தோட்டப் பதிவேடு, உயிரோடு திரும்பியவர்களின் பேச்சுப் பதிவு, குடும்பங்களில் இருக்கும் கடிதம் என்று மெனக்கெட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரியவர்களுக்குப் பதிலை எடுத்துக்கொடுப்பது

“ஜப்பான்காரன் குண்டு போட்டப்பதானே தாத்தா ஊரை விட்டுப் போனீங்க?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். சென்னை காலியானது 1942 ஏப்ரலில், பயத்தில். குண்டு விழுந்தது 1943 அக்டோபரில். “ஏன் போனீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

துல்லியமான இடத்தை ஊருக்கே சொல்வது

1942-இல் ஜாவா கடலில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ராய்ட்டரும் ஜாவாவும் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்டன. 2016-இல் மறுபடி போய்ப் பார்த்தபோது கடலடியில் பள்ளம்தான் இருந்தது. இரும்புக்காகப் பெயர்த்துவிட்டார்கள், உள்ளே இறந்தவர்கள் இருந்ததையும் பார்க்காமல். காவல் இல்லாத இடத்துக்கு வட்டாரப் பெயர் போதும். படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலையும் நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள்.

கம்பி பிரஷ்ஷால் கல்வெட்டைத் தேய்ப்பது

வேண்டாம். சாய்வாக டார்ச் அடித்தால் எழுத்து தெரியும்.

அனுமதி வாங்காமல் நுழைவது

சூலூர் போல இன்றும் விமானப்படை வசம் உள்ள தளங்கள் உண்டு. ட்ரோன் பறக்கவிட்டால் வழக்குதான்.

வெடிக்காத குண்டைத் தொட்டுப் பார்ப்பது

தொடாதீர்கள். தள்ளி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள்.