ஈஎஸ்ஐ நோய்க்காலப் பணம்: என் கணக்கு எங்கே இடித்தது

பெங்களூரு பீன்யாவில் வேலை. டைபாய்டுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) டாக்டர் 10 நாள் ஓய்வுச் சான்று தந்தார். தினசரி சராசரிக் கூலி 600 ரூபாய். நோய்க்காலப் பணம் அதில் 70 சதவீதம், நாளுக்கு 420. வரவேண்டியது 4,200 இல்லை, 3,360தான். முதல் 2 நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் கிடையாது. முந்தைய சான்று முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் இந்தக் கழிவு இல்லை.

எனக்கு அதுவும் வரவில்லை. ஜனவரி–ஜூனுக்குள் நோயில் படுத்தால், முந்தைய ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஈஎஸ்ஐ தளத்தில் பார்த்தால் எனக்கு 71 நாள். ஒரு மாதம் 26 நாளை 16 என்று கம்பெனியில் ஏற்றியிருந்தார்கள். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு நகல்களோடு கம்பெனியிலிருந்து திருத்தக் கடிதம் வாங்கி கிளை அலுவலகத்தில் கொடுத்தேன். 81 நாளானது, பணமும் வந்தது. உங்கள் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி எண்ணையும் சரிபாருங்கள். உங்கள் வங்கி வேறு வங்கியோடு இணைக்கப்பட்டிருந்தால் பழைய எண் செல்லாது.

வேலையில் அடிபட்டால் கணக்கே வேறு: 90 சதவீதம், 78 நாள் நிபந்தனையும் இல்லை. அதைச் சாதாரண நோயாக எழுத விட்டுவிடாதீர்கள். விபத்து அறிக்கையைக் கம்பெனி அனுப்பியதா என்று அன்றே கேளுங்கள்.