கார்டுலெஸ் போனில் இரைச்சலா? செட்டை மாற்றும் முன் லைனைக் கேளுங்கள்

போன வாரம் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீடு. என்னிடம் வேலை கற்கும் பையன், இரைச்சல் என்று சொன்னதும் பேஸைத் (ரிசீவரை வைத்து சார்ஜ் ஏற்றும், லைன் ஒயர் சொருகிய பெட்டி) தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி ஜன்னலுக்கும் மாடிப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தான். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் அலைந்தேன். அடிக்கடி நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். அடாப்டர் கழன்றிருப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரியும்.

லைனைச் சோதிக்காமல் செட்டை மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சந்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த பெரியவர் ஒருவர் வீட்டு போனில் ஓயாமல் 'உஸ்ஸ்' என்று சத்தம். பேஸ் பழசு என்று சொல்லிப் புது செட் வாங்க வைத்தேன். அதிலும் அதே உஸ்ஸ். "ஏம்ப்பா, காசைக் கரியாக்கிட்டியே" என்றார். கடைசியில் கட்டிலுக்குப் பின்னால் இருந்த ரொசெட்டை, அதாவது வெளியிலிருந்து லைன் கம்பி வந்து சேரும் சுவர்ப் பெட்டியைத் திறந்தால், திருகாணி முழுக்கப் பச்சை பூத்திருந்தது. இடுக்கில் எறும்புக் கூடு. கம்பி நுனியைச் சீவி, புதுத் திருகாணி போட்டு முறுக்கியதும் சத்தம் நின்றது.

ஒயர் உள்ள சாதாரண போன் ஒன்றை ரொசெட்டில் நேராகச் சொருகுங்கள். ஏதாவது ஒரு எண்ணை அழுத்தினால் டயல் டோன் நிற்கும். அந்த அமைதியில் காது கொடுங்கள். அங்கேயும் இரைந்தால் கோளாறு கம்பியில். இரையாவிட்டால்தான் பேஸ் பக்கம் போக வேண்டும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. லேபிளில் 'டெக்ட்' என்று இருக்கும் டிஜிட்டல் செட்டில் சிக்னல் குறைந்தால் பேச்சு துண்டு துண்டாக அறுந்து விழும், இரையாது. ஓயாத இரைச்சல் என்றால் முதல் சந்தேகம் கம்பி மேல்தான். அதே செப்புக் கம்பியில் பிராட்பேண்டும் வந்தால், போனையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைப் பாருங்கள். படுக்கையறைக்குப் பேரலல் இழுத்த போன் ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே பிரிந்திருந்தால் பிராட்பேண்ட் சத்தத்தைத் தடுக்க அதற்குத் தனி ஃபில்டர் வேண்டும்.

பீரோவை ஒட்டிப் பேஸ்

இரும்பு அலையை மறிக்கும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கருங்கல் சுவர் வேறு. வீட்டின் நடுவில், தோள் உயரத்தில் வையுங்கள்.

மோடம் பக்கத்தில்

2.4 கிகாஹெர்ட்ஸ் செட் என்றால் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் மோதும். டெக்ட் செட் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் அந்தச் சண்டை இல்லை. ஆனாலும் ஒரு மீட்டர் தள்ளியே வைக்கிறேன்.

டார்ச் லைட் பேட்டரி

ரிசீவரில் போடவே கூடாது. 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி மட்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த செட்

பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவார்கள். அங்கத்திய டெக்ட் செட் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசும். இங்கே அது செல்போன்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை, இந்த செட் அதைக் கெடுக்கும். அப்புறம் அடாப்டர். 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகாதீர்கள். தர்மபுரியில் ஒரு வீட்டில் நான் போய்ச் சேர்வதற்குள் அது கருகியிருந்தது.