மடிப்பு கேமராவில் வெளிறிய படங்கள்: ஃபிலிமை மாற்றிச் சரிசெய்தது

6x6 மடிப்பு கேமரா, 120 ஃபிலிம், உச்ச ஷட்டர் வேகம் 1/200 நொடி, மிகச் சிறிய துளை f/22. முட்டம் பாறையில் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 (ஒளியுணர்வு அதிகமான) ஃபிலிம் போட்டால் நெகட்டிவ் கரியாகவே வந்தது. நெகட்டிவ் கருத்தால் படம் வெளிறும். கடல் மணல் வெளிச்சத்துக்கு அந்த ஃபிலிம் f/22-இல் 1/400 கேட்கும். கேமராவிடம் அது இல்லை.

போன் ஸ்லோமோஷனில், நொடிக்கு 240 ஃப்ரேமில், ஷட்டரைப் பார்த்தேன். 1/200-இல் சுமார் ஒரு ஃப்ரேம்தான் திறந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வந்தது. அதாவது உண்மையில் 1/100 பக்கம். 1/400 வேண்டிய இடத்தில் 1/100. ஆக இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி அதிகம்.

இப்போது இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ், ஐஎஸ்ஓ 125. அதே f/22, அதே 1/200 குறி, சரியாக விழுகிறது. எச்பி5 பிளஸ் 400-ஐ ஆனி, ஆடிச் சாரலுக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடிநிழலுக்கும் ஒதுக்கிவிட்டேன்.

படத்தின் நடுவில் வட்டக் கறை விழுந்தால் குற்றவாளி, ஃபிலிம் எண்ணைப் பார்க்கும் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி. சிவப்பொளியை உணராத அந்தக்கால ஃபிலிமுக்காக வைத்தது அது. இன்றைய ஃபிலிம் சிவப்பையும் பிடிக்கும். மேலே கருப்பு இன்சுலேஷன் டேப். சுற்றும்போது மட்டும், நிழலில் நின்று தூக்கிப் பார்க்கவும்.

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த ரோலை உறை பிரிக்காமல் 2 மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். நம்மூர் ஈரக்காற்றில் உடனே பிரித்தால் வேர்த்துவிடும்.