குட்டிக் குழந்தைக்கு டிவி: நேரத்தை அளக்கிறோம், எங்கே தவறுகிறோம்?

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டிவி காட்டலாமா? வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவத்தின் பொதுவான பதில். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதிலும் குறைந்தால் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-இல் கொஞ்சம் இளக்கம் காட்டியது: 18 மாதம் வரை வீடியோ கால் மட்டும், 18 முதல் 24 மாதம் வரை காட்டுவதானால் தரமான நிகழ்ச்சி, அதுவும் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து.

இந்த எண்கள் பலருக்கும் தெரியும். தெரிந்த வீடுகளிலும் சறுக்கல் நடக்கிறது. எத்தனை நிமிடம் என்று பார்க்கிறவர்கள், அந்த நிமிடங்களில் குழந்தைக்கு என்ன கிடைக்காமல் போகிறது என்று பார்ப்பதில்லை.

யாரும் பார்க்காத டிவி

கணக்கிலேயே வராத தவறு இதுதான். எங்கள் பார்வையில், டிவி ஓடவிடும் விதத்தில் நடக்கும் தவறுகளில் பெரியதும் இதுதான். பெரியவர்களுக்கான செய்தியோ தொடரோ ஓடுகிறது, குழந்தை கீழே விளையாடுகிறது. ‘அவன் எங்கே பார்க்கிறான்!’ என்று விட்டுவிடுகிறோம்.

2008-இல் வெளியான ஓர் ஆய்வில் 1, 2, 3 வயதுக் குழந்தைகளை விளையாட விட்டு, பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். குழந்தைகள் திரையை ஏறிட்டுப் பார்த்தது ஒவ்வொரு முறையும் சில நொடிகள்தான். ஆனாலும் ஒரே பொம்மையோடு ஊன்றி விளையாடும் நேரம் குறைந்தது. சத்தம் மாறும்போதெல்லாம் தலை திரும்புகிறது, திரும்பி வரும்போது விளையாட்டின் இழை அறுந்திருக்கிறது.

பெரியவர்களின் பேச்சும் குறைகிறது. குழந்தையின் சட்டையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்திச் செய்த ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்ட சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. பேச்சு பழகும் வயதில் இது சின்ன இழப்பில்லை.

குழந்தை விழித்திருக்கும்போது, யாராவது உட்கார்ந்து பார்த்தால் மட்டும் டிவி ஓடட்டும். சத்தத்தை மட்டும் அணைத்தால் போதாது. மினுங்கும் படமும் கண்ணை இழுக்கும். சோபா டிவியைப் பார்த்துத்தான் இருக்கும் என்றால், குழந்தையின் விளையாட்டுப் பாயையாவது வேறு அறைக்கு மாற்றுங்கள்.

‘கல்வி வீடியோ’ என்ற பெயரை நம்புவது

9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைப் பழக்கிப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. நேரில் ஒருவர் விளையாட்டுக் காட்டிப் பேசியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு திரையில் வந்தபோது எதுவும் ஒட்டவில்லை. திரையில் வருபவர் குழந்தையின் கண்ணைப் பார்ப்பதில்லை, அது கைநீட்டியதற்குப் பதில் சொல்வதில்லை, காத்திருப்பதுமில்லை. வீடியோ காலுக்கு விதிவிலக்கு தருவதும் இதனால்தான்: அங்கே எதிரில் இருப்பவர் பதில் சொல்கிறார்.

சொல் கற்றுத்தரும் வீடியோக்களை 12 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் ஒரு மாதம் சோதித்ததில், வீடியோ பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட எதுவும் அதிகமாகக் கற்கவில்லை. அதிகம் கற்றவர்கள், வீடியோவே இல்லாமல் பெற்றோர் அதே சொற்களைச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள். வீடியோவை ரசித்த பெற்றோர், தங்கள் குழந்தை நிறையக் கற்றதாக நம்பினார்கள் என்பது தனிக்கதை.

2 வயதுக்கு மேல் நிலைமை மாறும். நல்ல நிகழ்ச்சியிலிருந்து கற்க முடியும். தேர்வு செய்யும்போது காட்சி எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கவனியுங்கள். சில நொடிக்கு ஒருமுறை வெட்டி வெட்டி ஓடும் கார்ட்டூன் வேண்டாம். ஒருவர் நிதானமாகப் பேசி, கேள்வி கேட்டு, பதிலுக்கு இடம் விடும் நிகழ்ச்சி நல்லது. பக்கத்தில் உட்கார்ந்து ‘நாய் எங்கே போச்சு?’ என்று கேளுங்கள். மறுநாள் தெருவில் நாயைக் கண்டால் அதை நினைவூட்டுங்கள். திரையில் கண்டது அப்போதுதான் சொல்லாகிறது.

அழுகைக்கும் சாப்பாட்டுக்கும் டிவி

அழும்போதெல்லாம் டிவி போட்டால் அழுகை உடனே நிற்கும். தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பும் அதோடு போகும். அடுத்த முறை இன்னும் பெரிதாக அழுதால் டிவி வரும் என்றும் குழந்தை கற்றுக்கொள்ளும். சாப்பாட்டு நேரத்தில் போட்டால் வயிறு நிறைந்ததைக் கவனிக்காமலே வாயைத் திறக்கும். நீங்கள் குளிக்கவோ அடுப்பைக் கவனிக்கவோ 15 நிமிடம் தேவைப்படுவது வேறு விஷயம். 2 வயது தாண்டிய குழந்தைக்கு அது குற்றமில்லை. அழுகைக்குப் பரிசாகாமல், தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.

அணைக்கும் விதம்

‘இன்னும் 2 நிமிடம்தான்’ என்று எச்சரிப்பது நல்லது என்றே பலரும் சொல்வார்கள். 1 முதல் 5 வயதுக் குழந்தைகளின் வீடுகளைக் கவனித்த 2016 ஆய்வு ஒன்றில், அந்த எச்சரிக்கை ரகளையைக் கூட்டவே செய்தது. எளிதாக முடிந்தது, நிகழ்ச்சி தானாக முடிந்தபோதும், அது வீட்டின் அன்றாட வழக்கமாக இருந்தபோதும். எனவே நிமிடத்தை விட்டு அத்தியாயத்தைக் கணக்காக வையுங்கள்: ஒன்று முடிந்ததும் டிவி நிற்கும். அதற்கு, அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளே வசதியை முதலிலேயே அணைத்துவிட வேண்டும். முடிந்தவுடன் கைக்கு வேறு வேலை தயாராக இருக்கட்டும்.

தூங்குவதற்கு 1 மணி நேரம் முன்பே எல்லாத் திரைகளும் அணைய வேண்டும். 1, 2 வயதில் பகல் தூக்கத்தோடு சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. படுக்கை அறையில் டிவி வேண்டாம்.

டிவி என்ற பொருளே ஆபத்து

நிற்கப் பழகும் குழந்தை எதையும் பிடித்துத் தொங்கும். டிவியைச் சுவரில் திருகாணி போட்டுப் பொருத்துங்கள். மேசையில்தான் வைக்க வேண்டும் என்றால் பட்டை கொண்டு சுவரோடு கட்டுங்கள். ரிமோட்டையும் பொம்மையையும் டிவிக்கு மேலே வைக்காதீர்கள், அதை எடுக்கத்தான் ஏறும். சில ரிமோட்களில் நாணய வடிவப் பேட்டரி இருக்கும். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரிமோட்டின் பேட்டரி மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பேச்சுத் தாமதத்துக்கு டிவியை மட்டும் காரணமாக்குவது

‘டிவியை நிறுத்தினால் பேசிவிடும்’ என்று மாதக்கணக்கில் காத்திருப்பது, டிவி காட்டுவதைவிட மோசமான தவறு. நிறுத்துங்கள், நல்லதுதான். ஆனால் 18 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் செவித்திறன் பரிசோதனை கேளுங்கள். டிவி சத்தத்துக்குத் திரும்புகிறதே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்; உரத்த இசை கேட்கும் காதுக்கு மெல்லிய பேச்சொலி கேட்காமல் இருக்கலாம்.