வளர்ந்த பிள்ளைகளோடு கிரேக்கத் தீவுகள்: கோடை விடுமுறையைத் திட்டமிடுவது எப்படி?

பத்து வயதுப் பிள்ளை எங்கே கூட்டிப்போனாலும் வரும். இருபது வயதுப் பிள்ளை யோசித்துத்தான் வரும். கட்டாயப்படுத்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரும். கல்லூரியில் படிக்கும் மகளையும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மகனையும் கூட்டிக்கொண்டு, கிரேக்கத்தின் கிழக்கே தீவுகள் நிறைந்த ஏஜியன் கடலுக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பிடித்துக்கொள்ளும் கணக்கு ஒன்றுதான்: கப்பல், அறை, இரவுச் சாப்பாடு மூன்றும் பொது, பகல் பொழுது அவரவருடையது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவையே.

படி 1: தேதிக்கு முன்னால் பேச்சு

விமான டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நீ கட்டாயம் செய்ய விரும்புவது எது? உன்னால் சகித்துக்கொள்ள முடியாதது எது? முதல் கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் வரும். இரண்டாவதற்கு உடனே வரும்: "அப்பா, தினமும் காலை ஆறு மணிக்கு எழுப்பக் கூடாது." எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலையும் சொல்லுங்கள். மலைக் கிராமம் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால் அதை இப்போதே சொல்வது நல்லது. அங்கே போன பிறகு சொன்னால் அது ஆசையாக இருக்காது, உத்தரவாகிவிடும்.

படி 2: மாதம்

இந்தியாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறை பெரும்பாலும் மே, ஜூனில் வரும். அது அதிர்ஷ்டம்தான். ஜூன் மாதத்தில் தீவுகளில் வெயில் உண்டு, நெரிசல் குறைவு, அறை வாடகையும் உச்சத்தைத் தொட்டிருக்காது. கடல் நீர் மட்டும் முதல் முழுக்கில் கொஞ்சம் குளிரும். பிள்ளைகள் ஐரோப்பாவில் படித்தால், செப்டம்பரின் முதல் பாதியில் வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கோடை முழுக்கக் காய்ந்த கடல் அப்போது இதமாக இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, மெல்தெமி. ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் உலர்ந்த காற்று அது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், கடல் மட்டும் நுரைத்துக்கொண்டு நிற்கும். சில நாட்கள் தொடர்ந்து வீசும். பலமாக வீசினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். மற்றொன்று ஆகஸ்ட் 15. மரியன்னையின் பெருவிழா. நாடே ஊருக்குப் போகும் நாள். தீனோஸ் தீவுக்கு யாத்திரிகர்கள் குவிவார்கள். பாரோஸ் தீவில் எகடோண்டபிலியானி தேவாலயத் திருவிழாவும் அன்றுதான். அந்த வாரத்தில் அறையும் கப்பல் இடமும் கடைசி நேரத்தில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

படி 3: இரண்டு தீவுகள் போதும்

முதல் முறை போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு சாண்டொரினி, கோர்ஃபு, ரோட்ஸ் மூன்றையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்ப்பார்கள். கோர்ஃபு மேற்கே அயோனியன் கடலில் இருக்கிறது. ரோட்ஸ் கிழக்கே துருக்கிக் கரையோரம். இவற்றை இணைப்பதற்குள் விடுமுறை விமான நிலையங்களிலேயே கரைந்துவிடும். ஒரே தீவுக்கூட்டத்துக்குள் நில்லுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது சைக்ளாடிஸ் கூட்டத்தில் பாரோஸும் நாக்ஸோஸும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கப்பலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாரோஸின் வடக்கே நாவுஸா என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. பகலில் வலை காயும் சிறு துறைமுகம், இரவில் இளைஞர் கூட்டம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நாக்ஸோஸ் பெரிய தீவு. விளைநிலம் உள்ள தீவு. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அங்கே பெயர் போனவை. அகியோஸ் புரோகோபியோஸ் முதல் பிளாக்கா வரை மேற்குக் கரை முழுக்க மணல். உள்ளே சைக்ளாடிஸின் மிக உயரமான மலை, சுமார் 1,000 மீட்டர் உயரமுள்ள ஸாஸ், நிற்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியே வேலை வைத்திருக்கும் தீவு அது.

சாண்டொரினி? எரிமலை வாயைப் பார்த்தபடி நிற்கும் வெள்ளை வீடுகளின் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது தேனிலவுத் தம்பதிகளுக்கும் சொகுசுக் கப்பல் பயணிகளுக்கும் ஏற்ற ஊர், விலையும் அப்படித்தான். கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் கடைசியில் ஓர் இரவு சேர்த்துக்கொண்டு, அங்கே ஃபிரா ஊரிலிருந்து ஓயா ஊர் வரை சுமார் 10 கிலோமீட்டர் மலை விளிம்புப் பாதையில் காலையிலேயே நடந்துவிடுங்கள்.

என் மாதிரித் திட்டம்: ஏதென்ஸ் 1 இரவு, பாரோஸ் 4, நாக்ஸோஸ் 4, மீண்டும் ஏதென்ஸ் 1.

படி 4: விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். கோடைக்கு முன் நேர்காணல் தேதிகள் வேகமாக நிரம்பும் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

18 வயது முடிந்த பிள்ளை உங்கள் விண்ணப்பத்தின் இணைப்பு அல்ல, தனி விண்ணப்பதாரர். மாணவி என்றால் கல்லூரிச் சான்றிதழ், செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதம், உங்கள் வங்கிக் கணக்கு விவரம், உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ். வேலை பார்க்கும் மகனுக்கு விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும். இந்தக் கோப்பை அவர்களையே தயாரிக்கச் சொல்லுங்கள். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத எதையும் வாங்க வேண்டாம்.

படி 5: அறை

பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி எல்லோரும் செய்வது 'ஃபேமிலி ரூம்'. அப்பாவின் குறட்டைக்கு நாலடி தள்ளி, சோஃபாவில் கால் நீட்ட முடியாமல் இருபத்து மூன்று வயது மகன். மூன்றாம் நாள் சண்டை நிச்சயம். தீவுகளில் சிறு சமையல் மேடையோடு கூடிய 'ஸ்டூடியோ' அறைகள் நிறைய உண்டு. அடுத்தடுத்து இரண்டு எடுங்கள். முக்கியமானது தனிச் சாவி.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடல் தெரியும் பால்கனியைவிட ஒன்றைப் பாருங்கள்: நள்ளிரவுக்கு மேல் பிள்ளைகள் வண்டி இல்லாமல் நடந்தே அறைக்குத் திரும்ப முடியுமா? பாரோஸில் நாவுஸா ஊருக்குள் தங்கினால் முடியும். நாக்ஸோஸில் துறைமுக நகரமான ஹோராவிலோ, அதை ஒட்டிய அகியோஸ் யோர்கியோஸ் கடற்கரையிலோ தங்கினால் முடியும். ஊரைவிட்டு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, குன்றின் மேல் இருக்கும் அழகான வில்லா உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும்.

அறை வாடகை போக, இரவுக்கு இவ்வளவு என்று அரசு வசூலிக்கும் ஒரு கட்டணமும் உண்டு. விடுதியின் தரம் உயர உயர அதுவும் உயரும். பெரும்பாலும் அங்கேதான் கட்டச் சொல்வார்கள்.

படி 6: கப்பல்

பாரோஸ், நாக்ஸோஸுக்குப் பெரும்பாலான கப்பல்கள் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும். பெரிய கப்பலில் பாரோஸுக்கு நான்கு மணி நேரம், நாக்ஸோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். அதிவேகப் படகுகள் சீக்கிரம் போகும், விலை அதிகம். காற்று ஏறினால் முதலில் நிற்பவையும் அவைதான். கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர் இருந்தாலும் பெரிய கப்பலையே எடுங்கள். மேல்தளத்தில் நின்று தீவுகள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்க்கலாம்.

பிரேயஸ் மிகப் பெரியது. எந்தக் கேட் என்பதை முதல்நாளே பார்த்து வையுங்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேராகத் துறைமுகம் வரை போகிறது. நள்ளிரவில் இறங்கினால் எக்ஸ் 96 பஸ் இரவு முழுக்க ஓடுகிறது. விமான நிலையத்துக்கு மிக அருகில் ரஃபீனா என்ற சிறு துறைமுகமும் உண்டு. உங்கள் தீவுக்கு அங்கிருந்து கப்பல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஏறுவது எப்படி என்று ஒரு வார்த்தை. கப்பலின் பின்பக்கம் பெரிய இரும்புக் கதவு சாய்ந்து கரையைத் தொடும். லாரியும் மனிதர்களும் ஒரே வழியில் உள்ளே போவார்கள். இருபுறமும் பெட்டி வைக்கும் அலமாரிகள், ஒவ்வொன்றின் மேலும் தீவின் பெயர். உங்கள் தீவின் அலமாரியில் பெட்டியை வைத்துவிட்டு மேலே போங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் கையில் இருக்கட்டும். இறங்கும் அறிவிப்பு வந்ததும் தாமதிக்காமல் கீழே வாருங்கள்; கப்பல் தீவில் சில நிமிடங்களே நிற்கும். கதவு முழுக்கத் தரையைத் தொடும் முன்பே கூட்டம் நகரத் தொடங்கிவிடும்.

மிக முக்கியமானது: ஊர் திரும்பும் விமானம் ஏறும் நாளில் தீவிலிருந்து கப்பல் பிடிக்கும் திட்டம் வேண்டாம். காற்றுக்கு உங்கள் விமான நேரம் தெரியாது. கடைசி இரவு ஏதென்ஸில் இருந்தே ஆக வேண்டும்.

படி 7: பணமும் வண்டியும்

இந்த இரண்டையும் புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். விமானம், விசா, அறை, கப்பல், தினம் ஒருவேளைச் சாப்பாடு உங்கள் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுக்கூடம், கடற்கரைக் குடை வாடகை, அலைச்சறுக்கு வகுப்பு அவர்கள் செலவு. சம்பாதிக்கும் மகனுக்கும் படிக்கும் மகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. மகளுக்குத் தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் தினமும் கை நீட்ட வேண்டிய சங்கடம் இருக்காது. அது எப்படிச் செலவாகிறது என்று கேட்காதீர்கள்.

வண்டி விஷயத்தில் மட்டும் நான் கறார். தீவுகளில் ஸ்கூட்டரும் நாலு சக்கர 'குவாட்' பைக்கும் தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கிடைக்கும். மலைச் சாலை, சரளைக்கல், பக்கவாட்டுக் காற்று, வலப்பக்கப் போக்குவரத்து. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உரிய உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்தானால் காப்பீட்டை நம்ப முடியாது. கார் வாடகைக்குப் பல இடங்களில் 21 அல்லது 23 வயது ஆகியிருக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு, பைக் ஓட்டுபவருக்கும் புதிதாக உரிமம் பெற்றவருக்கும் இன்னும் கடுமை. இரவில் வெளியே போகும் நாளில் வண்டிச் சாவி மேசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 8: ஒரு நாள் எப்படிப் போகும்?

நாக்ஸோஸில் ஒரு நாளை வைத்துச் சொல்கிறேன். காலையில் பிள்ளைகளை எழுப்பாதீர்கள். துறைமுகத்தருகே பஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டு நீங்கள் இருவரும் மலைமேல் அபெய்ராந்தோஸுக்குப் போங்கள். தெருவெல்லாம் பளிங்குக்கல் பாவிய கிராமம். வரும் வழியில் ஹல்கியில் இறங்கி, எலுமிச்சை இனப் பழமான கித்ரோனின் இலையிலிருந்து மது வடிக்கும் பழைய கூடத்தைப் பார்க்கலாம். பிள்ளைகள் அந்நேரம் மிக்ரி விக்லா கடற்கரையில் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். மெல்தெமிக்கு நன்றி சொல்லும் ஒரே கூட்டம் அதுதான்.

பிற்பகல் எல்லோருக்கும் தூக்கம். அஸ்தமனத்துக்குப் போர்டாரா வாசலில் சந்திக்கலாம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்கப்படாமலே விடப்பட்ட கோயில். எஞ்சியிருப்பது ஆறு மீட்டர் உயரப் பளிங்கு வாசல் மட்டும். அங்கே போகும் கல்பாதையில் வடக்குப் பக்கமாகக் காற்று நாளில் அலை ஏறி அடிக்கும்; செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தால் கடையில் நீங்கள் மட்டும் இருப்பீர்கள். சைவர்கள் பயப்பட வேண்டாம். அவித்து மசித்த மஞ்சள் பருப்பான ஃபாவா, தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய பீன்ஸான யிகாண்டெஸ், மண்பானையில் இரவெல்லாம் அடுப்பில் கிடந்த கொண்டைக்கடலையான ரெவிதாதா எல்லாம் உண்டு. தக்காளிக்குள் சோறு அடைத்த கெமிஸ்டாவில் மட்டும் சில சமயம் கொத்துக்கறி இருக்கும்; கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மேசைக்கு வரும் ரொட்டிக்கும் பில்லில் விலை இருக்கும். பல தீவுகளில் குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல.

படி 9: கடைசி ஏதென்ஸ்

ஏதென்ஸ் குன்றின் மேல் பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸுக்கான டிக்கெட்டில் நுழையும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். இணையத்தில் முன்பே வாங்குங்கள். வெயில் கொளுத்தும் நாட்களில் நண்பகலில் சில மணி நேரம் மூடிவிடுவதும் உண்டு. ஆகவே காலை எட்டு மணி அனுமதியே நல்லது. அந்நேரத்துக்கு எழ முடியாது என்று சொல்லும் பிள்ளை, மாலை டிக்கெட்டைத் தன் காசில் வாங்கிக்கொள்ளட்டும்.