மூழ்கிய கப்பலுக்குக் குழு கூட்டிப் போய் மலைக்குத் திரும்ப: தலைமை தாங்குபவர்களுக்கான வழிகாட்டி

நீலகிரியிலும் பழனி மலையிலும் இருந்துகொண்டு டைவிங் குழுக்களைக் கடலுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கான குறிப்பு இது. 40 மீட்டருக்குக் கீழே கிடக்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவதில் உள்ள ஆபத்து எந்த ஊர்க்காரருக்கும் பொது. மலைக்காரர்களுக்கு அதற்கு மேல் இன்னொன்று உண்டு: கரையேறிய பிறகும் 2000 மீட்டர் ஏறினால்தான் வீடு. அந்த ஏற்றமும் டைவில் சேர்ந்ததுதான். அதனால் திட்டத்தைக் கப்பலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வீடு திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வாருங்கள்.

முதலில் திரும்பும் பயணம்

ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜனும் ஹீலியமும் கரையேறியதும் முழுவதும் போய்விடுவதில்லை. மணிக்கணக்கில் மெல்ல வெளியேறும். அதற்குள் சுற்றியுள்ள காற்றழுத்தம் இன்னும் குறைந்தால் மீதி வாயு குமிழியாகும். ஊட்டி 2240 மீட்டர், கொடைக்கானல் 2133 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். பயணிகள் விமானத்தின் உட்புறம் அதிகபட்சம் 2438 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில் வைக்கப்படுகிறது. ஆகவே உடம்பைப் பொறுத்தவரை ஊட்டி பஸ் ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான். விமானத்துக்குப் பயப்படுகிறவர்கள்கூடப் பஸ்ஸை யோசிப்பதில்லை.

டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் 2002-இல் நடத்திய பயிலரங்கின் பரிந்துரைகள் ஏறக்குறைய 600 முதல் 2400 மீட்டர் வரையிலான உயரத்துக்கானவை. நம் ஊர்கள் அப்படியே அதற்குள் வருகின்றன. டீகோ (கரைந்த வாயு வெளியேற, மேலே வரும் வழியில் நின்று நின்று ஏறுவது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம், டீகோ நிறுத்தங்கள் செய்த டைவ் என்றால் 18-ஐவிடக் கணிசமாக அதிகம். ஆழமான கப்பலுக்குப் போகும் குழு எப்போதும் மூன்றாவது வகை. 24 மணி நேரத்துக்குக் குறைவாக எந்தக் குழுவையும் மலை ஏற்றக் கூடாது என்பது எங்கள் முடிவு. மூன்று நான்கு நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் 36 மணி நேரம்.

இதை நேரத்தில் வைத்துப் பாருங்கள். புதுச்சேரியில் பகல் ஒரு மணிக்குக் கடைசி டைவிலிருந்து மேலே வருகிறார்கள். சென்னை போய் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியும்போது மேட்டுப்பாளையம், எட்டு மணிக்குக் குன்னூர். மொத்தம் 19 மணி நேரம். ஆழமில்லாத சாதாரண டைவுக்கு இது போதும், டீகோ டைவுக்குப் போதாது. மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ ஒரு பகலைக் கழிக்கச் செய்யுங்கள். கொடைக்கானல்காரர்கள் வத்தலக்குண்டிலேயே நின்றுவிடலாம். மைசூர் வழியாகக் கூடலூருக்கு வருகிறவர்கள் கவனிக்க: மைசூரே 700 மீட்டருக்கு மேல். அங்கே காத்திருப்பது கணக்கில் சேராது. அவர்களின் காத்திருப்பு கடலோரச் சமவெளியிலேயே முடிய வேண்டும்.

டைவ் கம்ப்யூட்டரில் விமானம் ஏறக் கூடாது என்று காட்டும் குறி மறையும்வரை, மலையேற்றம் தொடங்கும் கல்லாறு தாண்டக் கூடாது, காட்ரோடு தாண்டக் கூடாது என்று குழுவிடம் சொல்லிவிடுங்கள். குறி மறைந்தாலும் 24 மணி நேரம் ஆகவில்லை என்றால் ஆகவில்லைதான். இலங்கைக்குப் போகும் குழுக்களில் இன்னொரு ஆசை கிளம்பும்: திரும்பும் வழியில் நுவரெலியா. அதுவும் 1868 மீட்டர். பார்க்க வேண்டுமென்றால் டைவுக்கு முன்னால் பார்த்துவிடட்டும்.

கீழே எவ்வளவு நேரம்

உதாரணத்துக்கு, மட்டக்களப்புக்கு வெளியே கிடக்கும் எச்.எம்.எஸ். ஹெர்மீஸ். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல். அன்று முன்னூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது அவர்களின் கல்லறையும்கூட. எந்தப் பொருளையும் தொடக் கூடாது என்பதைப் படகில் ஏறும் முன்பே சொல்லுங்கள். ஆழம் 50 மீட்டருக்கும் மேல். கணக்குக்கு 53 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 6.3 பார் அழுத்தம்.

அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மயக்கம் மட்டும் பிரச்சினை இல்லை. காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8 கிராம் ஆகிவிடும். 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டக் கூடாது என்பது இன்றைய பரிந்துரை. அடர்த்தியான வாயுவை இழுத்துத் தள்ள நுரையீரலால் முடியாமல் கார்பன் டை ஆக்சைடு உடம்பில் தேங்கும். மூச்சு முட்டும், பதற்றம் வரும், பதற்றத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். 18 சதவீத ஆக்சிஜன், 45 சதவீத ஹீலியம், மீதி நைட்ரஜன் கொண்ட ட்ரைமிக்ஸ் கலவையில் அதே ஆழத்தில் அடர்த்தி 5 கிராம்தான். மயக்கமும் 25 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பது போன்ற அளவில் நிற்கும். ஹீலியம் கிடைப்பதை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்யுங்கள். போய் இறங்கிய பிறகு இல்லை என்று கைவிரித்தால், காற்றிலேயே இறங்கிவிடலாம் என்ற பேச்சு அன்று இரவே எழும். அதற்கு மாற்று கையில் இருக்க வேண்டும். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடா பக்கம் இதில் பாதி ஆழத்தில் கிடக்கிறது.

வாயுக் கணக்கில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 11 லிட்டர் இரட்டைச் சிலிண்டர், 200 பார்: 4400 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 53 மீட்டரில், 6.3 மடங்கு அழுத்தத்தில், நிமிடத்துக்கு 126 லிட்டர் செலவழிப்பார். ஒருவரின் வாயு நின்றுபோனால் இருவரும் ஒரே சிலிண்டரில் 21 மீட்டருக்கு வந்து, அங்கே 50 சதவீத ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸ் கலவைக்கு மாற வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர். கீழே சுதாரிக்க 2 நிமிடம், ஏற 4 நிமிடம். கூட்டினால் ஏறக்குறைய 1880 லிட்டர், அதாவது 86 பார். 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடும்போது யாராக இருந்தாலும் கப்பலில் கட்டிய கயிற்றைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். மீதி 110 பாருக்கு இறங்கும் நேரத்தையும் சேர்த்து 19 நிமிடம்.

‘மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு’ என்ற பழகிய விதி இங்கே ஏமாற்றும். அப்படிப் போனால் கப்பலுக்குள்ளிருந்து வெளியே வரும்போது 67 பார்தான் மிஞ்சும். இருவர் ஏற 86 வேண்டும். முதலில் 90-ஐ ஒதுக்கிவிட்டு மீதி 110-ஐ மூன்றாகப் பிரித்தால் உள்ளே போக 36 பார், வெறும் 6 நிமிடம். இறங்கும் செலவு போனால் அதுவும் இல்லை. இந்தச் சிலிண்டரோடு இந்த ஆழத்தில் யாரையும் உள்ளே கூட்டிப் போகாதீர்கள். வெளிப்புறம் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கும்.

வெயிலில் அவசரமாக நிரப்பிய சிலிண்டர் சூட்டில் 200 காட்டும், ஆறியதும் 175-க்கு வந்து நிற்கும். 19 நிமிடம் 15 ஆகிவிடும். ஆகவே அளவை இரவே பாருங்கள். காலையில் படகில் ஏறும் முன் மறுபடி பாருங்கள். ஆக்சிஜன் சதவீதத்தை அவரவர் சிலிண்டரை அவரவரே அனலைசரில் அளந்து, சதவீதம், இறங்கக்கூடிய ஆழம், தேதி, பெயர் எழுதிய டேப்பை ஒட்ட வேண்டும். நீங்கள் அளந்து கொடுக்காதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய கப்பல்களில் மீன் வலைகள் சிக்கிக் கிடக்கும். நைலான் நரம்பு டார்ச் வெளிச்சத்தில்கூடத் தெரியாது. ஆளுக்கு இரண்டு வெட்டும் கருவி, அதில் ஒன்று கத்தரி, இரண்டு கையாலும் எட்டும் இடத்தில்.

படகைப் பற்றிச் சுருக்கமாக: தலையை எண்ணாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகம் பார்த்து டிக் செய்யுங்கள். 1998-இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் எண்ணிக்கைத் தவறால் ஒரு தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்கள் கிடைக்கவே இல்லை.

வேண்டாம் என்று சொல்லும் வேலை

பணம் கட்டியாயிற்று, லீவு போட்டாயிற்று, இன்னும் ஒரே நாள்தான். தலைவரை வளைப்பது இந்த மூன்றும்தான். கடல் கொந்தளிப்பாக இருக்கும் காலையில் படகில் நின்றுகொண்டு இவற்றை எதிர்க்க யாராலும் முடியாது. ஊரில் இருக்கும்போதே முடித்து வையுங்கள். எந்த நிலையில் டைவ் ரத்து என்பதை எண்களாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: நீரோட்டத்தில் கயிற்றைப் பிடிக்காமல் நிற்க முடியாத நிலை, கீழே பார்வை இத்தனை மீட்டருக்குக் குறைவு, சிலிண்டர் இத்தனை பாருக்குக் குறைவு. ரத்தானால் படகுக்காரருக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு திரும்பும் என்பதும் அதே தாளில். நான்கு டைவ் நாளுக்கு ஒரு உபரி நாள் சேர்த்து விலை சொல்லுங்கள். விலை ஏறும், சிலர் வரமாட்டார்கள். போகட்டும்.

யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் டைவை நிறுத்தலாம். ஏன் என்று அன்று மாலை வரை யாரும் கேட்கக் கூடாது. முதல் நாளே நீங்கள் ஒருமுறை இதைச் செய்து காட்டினால் மற்றவர்களுக்கு வாய் திறக்கும்.

50 மீட்டரில் ஒரு தலைவருக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கேமரா கொண்டுபோகாதீர்கள். உங்கள் உடம்பையும் கணக்கில் எடுங்கள்: கயிறு கட்ட ஒரு முறை, குழுவோடு ஒரு முறை, அவிழ்க்க ஒரு முறை என்று எல்லோரையும்விட அதிகம் இறங்குவது நீங்கள்தான். 24 மணி நேரக் கடிகாரம் உங்கள் கடைசி டைவிலிருந்துதான் ஓடத் தொடங்கும், குழுவினுடையதிலிருந்து அல்ல.

மலைப்பாதையில் உடம்பு சரியில்லை என்றால்

உடம்பில் வாயு குமிழியாவதால் வரும் டீகம்ப்ரஷன் நோய் மலைப்பாதையில் எளிதாக மறைந்துகொள்ளும். பர்லியாறு தாண்டியதும் ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுப்பார்கள். உள்காதில் குமிழி சேர்ந்தாலும் இதே அறிகுறிதான். தோள் வலியைச் சிலிண்டர் தூக்கியதால் என்பார்கள், அசதியைத் தூக்கமின்மை என்பார்கள். மூட்டுக்குள் குடைச்சல், மரத்துப்போதல், தோலில் சிவப்பும் நீலமுமாகத் திட்டு, கால் துவளுதல், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகிய எதுவாக இருந்தாலும், டைவுக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் வந்தால் டைவிங்தான் காரணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் திருப்புங்கள். பக்கத்தில்தானே ஊட்டி ஆஸ்பத்திரி என்று மேலே ஏறாதீர்கள். மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர். படுக்கவைத்து, பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் கொடுங்கள். பி டைப் சிலிண்டரில் 1500 லிட்டர், அதாவது 100 நிமிடம்தான் வரும். டி டைப்பில் 7000 லிட்டர், ஏழரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கடற்கரையில் டி டைப் ஒன்றும், வண்டியில் பி டைப் இரண்டும் வையுங்கள். இங்கே 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் அழைக்கும்போது, முதல் வாக்கியத்திலேயே இவர் டைவிங் போய் வந்தவர் என்று சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஹைபர்பாரிக் அறை (உயர் அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் அறை) இருக்கிறது என்றாலே போதாது. ஆறாத புண்ணுக்கான அறைகள் பல இந்த நோய்க்குத் தேவையான சிகிச்சையைத் தர முடியாதவை. எந்த அறை டைவிங் நோயாளியை எடுக்கும், இரவில் ஆள் இருப்பார்களா, வெளியாரைச் சேர்ப்பார்களா என்பதைப் பயணத்துக்கு முந்தைய வாரமே போன் செய்து கேட்டு எண்ணை எழுதி வையுங்கள். ஆக்சிஜனில் வலி போய்விட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், நிறுத்தியதும் திரும்ப வரும். கடைசி மூன்று நாள் டைவ்களின் ஆழம், நேரம், வாயு, மேலே வந்த நேரம், அறிகுறி தொடங்கிய நேரம் எழுதிய தாளும், பேட்டரி கழற்றாத டைவ் கம்ப்யூட்டரும் நோயாளியோடு போக வேண்டும். அவரோடு ஜோடியாக இறங்கியவரும் அதே ஆழத்துக்குப் போய் வந்தவர் என்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் அவரையும் அடிவாரத்திலேயே நிறுத்திக் கவனியுங்கள்.