டிரெய்லர் தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது வழுக்கல்

பிளாட்பெட் டிரெய்லர் (பக்கச்சுவர் இல்லாத தட்டையான தளமுள்ள இழுவண்டி) தேர்ந்தெடுக்கும்போது, சரக்கைக் கட்ட எத்தனை கொக்கிகள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு முன் தளம் எவ்வளவு வழுக்கும் என்று பாருங்கள். வழவழப்பான இரும்புத் தளத்தைவிட மரப்பலகைத் தளம் நல்லது. இரும்புதான் கிடைக்கிறது என்றால், சரக்குக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டுவிடுங்கள்.

காரணம் இதுதான். திடீர் பிரேக்கில் சரக்கு தன் எடையில் சுமார் 0.8 பங்கு விசையோடு முன்னால் தள்ளும் என்று கணக்கிடுவது வழக்கம். உராய்வு 0.3 என்றால், அதாவது தளத்தை அழுத்தும் எடையில் 0.3 பங்கு விசையைத்தான் தளம் தாங்கிப்பிடிக்கும் என்றால், 1,000 கிலோ சரக்கை அதன்மேல் இறுக்கிக் கட்டும் பட்டைகள் ஏறக்குறைய 1,670 கிலோ அளவுக்குக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். ரப்பர் விரிப்பு உராய்வை 0.6 ஆக்கினால் 330 கிலோவே போதும். ஐந்தில் ஒரு பங்கு! அத்தனை பட்டையும் நேரமும் மிச்சம்.

அதற்காகப் பட்டையே வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வண்டி குலுங்கும்போது சரக்கு தளத்தைவிட்டு எழும்பினால் உராய்வு போய்விடும். அப்புறம், பட்டையை மாட்டும் வளையங்கள் அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு உறுதியாக இணைந்திருக்க வேண்டும். பலகையில் மட்டும் திருகிய வளையம் பிய்ந்து வந்துவிடும்.

சக்கரமுள்ள இயந்திரங்களுக்கும் உருளும் குழாய்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு உருளாமல் தடுக்கும் கட்டையும் நேரடியாகப் பிடித்திழுக்கும் சங்கிலியும் தேவை. உயரமான சரக்கு வழுக்காமலே கவிழக்கூடும். தளத்தில் எண்ணெய், மணல், பனி இருந்தாலும் விரிப்பை நம்ப முடியாது. முதலில் கூட்டித் துடையுங்கள்.